காய் பார்க்கிற கண்ணால ஷூவைப் பாரு!

போன டிசம்பர்ல என் தங்கச்சி சென்னையிலிருந்து போடி ரயில்ல வந்து இறங்கினா. மீட்டர் கேஜை நிறுத்தினதுக்கப்புறம் பன்னிரண்டு வருஷம் ரயில் சத்தமே கேக்காம கிடந்த ஊரு இது. 2023 ஜூன்ல மறுபடி ரயில் வந்ததிலிருந்து அவளுக்கு அம்மா வீடு பக்கமாயிருச்சு. இந்தத் தடவை கூட வேலை பார்க்கிற நாலு பொண்ணுங்களோட குரங்கணி மலை ஏறப் போறாளாம். "ஷூ, மழைக்கோட்டு எல்லாம் இங்கயே வாங்கிக்கிறேன்க்கா. மலையடிவாரத்து ஊர்ல இதுகூடவா கிடைக்காது?"ன்னு காலையில கிளம்பிப் போனவ, மத்தியானம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து உக்காந்தா.

நடந்ததைக் கேட்டேன். முதல் கடையில போர்டுல மட்டும்தான் ஸ்போர்ட்ஸ் இருக்காம். உள்ள சுவர் முழுக்கக் கப்பும் ஷீல்டும், பேர் பொறிக்கிற மெஷினும். "ஷூ இப்ப வைக்கிறதில்லம்மா, ஆன்லைன்ல போட்டுக்குங்க"ன்னு கடைக்காரரே சொல்லிட்டாராம். தேனியில ரெண்டாவது கடை. அங்க ஆம்பளைங்க ஒன்பதாம் நம்பர், பத்தாம் நம்பர்தான் இருக்கு. பொம்பளைங்களுக்குன்னா ரோஸ் கலர்ல ஒரு வாக்கிங் ஷூ. மூணாவது கடையில மேல் தட்டுல தூசி படிஞ்ச பெட்டியில ஒரு ஜோடி கிடைச்சிருக்கு. போட்டுப் பார்க்கவான்னு கேட்டா, "போட்டா அழுக்காயிரும், எடுத்துக்கிறதா இருந்தா போடுங்க"ன்னு பதில். பில்லும் கிடையாது.

அவ கோவம் எனக்குப் புரிஞ்சுச்சு. நான் பள்ளிக்கூடத்துல வாலிபால் ஆடின காலத்துல ஒரு கடைக்காரர் இருந்தார். பந்து வேணும்னு போய் நின்னா உடனே எடுத்துக் குடுக்க மாட்டார். "மண் கிரவுண்டா, சிமெண்டா? எத்தனை பேர் ஆடுவீங்க? ராத்திரி பந்தை எங்க வைப்பீங்க?"ன்னு கேப்பார். அப்புறம்தான் அலமாரியைத் திறப்பார். இப்பக் கடையில பொருள் குறைஞ்சதைவிட, அப்படிக் கேக்கிற ஆள் குறைஞ்சதுதான் எனக்குப் பெரிய நட்டமாத் தெரியுது.

ஆனா நாம போடிக்காரங்க. ஏலக்காய் ஏலத்துல சாம்பிள் காயைத் தட்டுல கொட்டி, நிறம் பார்த்து, உருட்டிப் பார்த்து, தோலை உரிச்சு உள்ள அரிசி கறுப்பா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விலை சொல்ற ஊரு. எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழு மில்லிமீட்டர் காயையும் சல்லடை இல்லாமலே கையால பிரிக்கிற பொம்பளைங்க இருக்கிற ஊரு. அந்தக் கண்ணை ஷூ மேலயும் திருப்பினாப் போதும். அன்னைக்கு ராத்திரி தங்கச்சிக்குச் சொன்னதை உனக்கும் சொல்றேன்.

1. கடைக்காரர் கேக்காத கேள்வியை நீயே கேட்டுக்கோ

எங்க போறே, எந்த மாசம், எத்தனை மணி நேரம், காலுக்குக் கீழ என்ன? இந்த நாலுக்கும் பதில் எழுதிட்டுக் கடைக்குக் கிளம்பு.

போடியில வேர்த்து ஊத்தும்; ஜீப்புல போடிமெட்டு ஏறி இறங்கினா பல்லு கிட்டிக்கும். ஒரே நாள்ல ரெண்டு ஊர் பருவநிலை. ஜூன்லயிருந்து மழைன்னா சேறும் அட்டையும். டிசம்பர்ல பனியும் ஈரப் புல்லும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் காடு காய்ஞ்சு தீப்பிடிக்கிற காலம். அந்தச் சமயத்துல ஏறவே நினைக்காதே. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில பிடிச்ச தீயில இருபதுக்கு மேல உயிர் போனதை இந்த ஊர் மறக்கல. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு அரசு தனி விதிகளே கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'தமிழ்நாடு மலையேற்றம்' திட்டம் 14 மாவட்டத்துல 40 பாதையோட ஆரம்பிச்சுது. குரங்கணி சாம்பலாறு பாதையும் அதுல ஒண்ணு. வனத்துறைகிட்ட முன்பதிவு பண்ணி, அவங்க அனுப்புற வழிகாட்டியோட மட்டும் போ. பாதை எளிது, மிதமானது, கடினம்னு பிரிச்சே போட்டிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு ஷூ வாங்கு. ஷூ வாங்கின பிறகு பாதை தேடாதே.

2. காலை அளந்து செல்போன்ல எழுதி வை

சாயங்காலம் அள. நாள் முழுக்க நின்னு நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில இருக்கப்போற காலும் அதுதான். சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாள் போட்டு, குதிகாலைச் சுவர்ல ஒட்ட வெச்சு நில்லு. நீளமான விரல் முடியிற இடத்துல கோடு போடு. பெருவிரல்தான் நீளம்னு இல்ல, சிலருக்கு ரெண்டாவது விரல் நீளமா இருக்கும். ரெண்டு காலையும் அளந்து பெரிய காலோட சென்டிமீட்டரை எழுதிக்கோ. அகலத்தையும் குறிச்சுக்கோ, செருப்புலயே வளர்ந்த கால் நம்மளது, முன்பக்கம் விரிஞ்சிருக்கும்.

ஏன் சென்டிமீட்டர்னா, நம்பரை நம்ப முடியாது. ஒரே பெண் கால் யூகே கணக்குல அஞ்சுன்னா யூஎஸ் கணக்குல ஏழு. பெட்டி லேபிள்லயோ நாக்கோட உள்பக்கத்துலயோ பெரும்பாலும் சென்டிமீட்டரும் அச்சடிச்சிருப்பாங்க. பொம்பளை சைஸ் இல்லைன்னு கடையில கைவிரிச்சா, உன் அளவுக்குப் பொருந்துற பையன் ஷூவைக் கேளு. ரோஸ் கலர் வாக்கிங் ஷூவைவிட அது மலைக்கு உதவும்.

3. புது ஷூவுக்கும் வயசு உண்டு

இதுதான் தங்கச்சிக்கே தெரியாத சங்கதி. ஓட்டம் குறைஞ்ச கடையில பெட்டி வருஷக்கணக்கா அப்படியே தூங்கும். பல மலையேற்ற ஷூவுல சோலோட நடு அடுக்கை 'பியூ'ங்கிற பாலியூரித்தேன்ல செஞ்சிருப்பாங்க. காத்துல இருக்கிற ஈரமே அதை உள்ளுக்குள்ள சிதைக்கும். யாரும் போடாம பெட்டியிலயே இருந்தாலும் சில வருஷத்துல உளுத்துப்போகும். பார்க்கப் புதுசு. மலையில ரெண்டு மணி நேரம் நடந்ததும் சோல் வாயைப் பிளந்துரும்.

அதனால பெட்டியில ஒட்டியிருக்கிற லேபிள்ல எந்த மாசம், எந்த வருஷம் செஞ்சதுன்னு முதல்ல பாரு. பெட்டியில் அடைச்சு விக்கிற பொருளுக்கு அதைப் போடணும்னு சட்டமே இருக்கு. அப்புறம் சோலுக்கு மேல பக்கவாட்டுல கட்டைவிரலால அழுத்து. பொடி உதிர்ந்தாலோ மெல்லிசா விரிசல் தெரிஞ்சாலோ கீழ வெச்சுரு. முன்பக்கத்தை மடக்கிப் பாரு, ஒட்டின இடம் பிரியக் கூடாது. அடி ரப்பர்ல நகத்தை ஊன்று. கல்லு மாதிரி இருந்தா ஈரப் பாறையில வழுக்கும். மழைக்கோட்டுல உள்பூச்சு பிசுபிசுத்தாலோ செதிலா உரிஞ்சாலோ அதுவும் முடிஞ்ச கதைதான். கூடாரம்னா கம்புக்குள்ள ஓடுற எலாஸ்டிக் கயித்தை இழுத்து விடு. திரும்பிச் சுருங்கலைன்னா வேண்டாம்.

'பாதி விலைக்குத் தர்றேன்'னு சொன்னாலும் பழைய சரக்கு ஷூ வேண்டாம். பழைய சரக்குல தைரியமா வாங்கக்கூடியது ஸ்டீல் தண்ணி பாட்டிலும் விசிலும்தான்.

4. படியில இறங்கிப் பாரு

தரையில நாலு எட்டு நடந்து பார்த்து வாங்கின ஷூ, இறக்கத்துலதான் குணத்தைக் காட்டும். மலையில போடப்போற அதே சாக்ஸைக் கொண்டு போ. கயிறைக் கட்டுறதுக்கு முன்னாடி காலை முன்னால தள்ளி, குதிகாலுக்குப் பின்னால ஒரு விரல் நுழையுதான்னு பாரு. அப்புறம் இறுக்கிக் கட்டி, கடை வாசப்படியில ஏறி இறங்கு. இறங்கும்போது விரல் முன்னால முட்டினா, குரங்கணி இறக்கத்துல நகம் கறுத்துரும். ஏறும்போது குதிகால் தூக்கினா கொப்புளம் நிச்சயம்.

போட்டுப் பார்க்க விட மாட்டேன்னு சொல்ற கடையில சண்டை போடாதே, வெளிய வந்துரு. வாங்கின ஷூவையும் நேரா மலைக்குக் கொண்டு போகாதே. ரெண்டு வாரம் காய்கறி வாங்க, கோயிலுக்குன்னு போட்டுப் பழக்கு.

5. ஸ்போர்ட்ஸ் போர்டை மட்டும் தேடாதே

தங்கச்சி செஞ்ச தப்பு இதுதான். இந்த ஊர்ல மலைக்குச் சாமான் வாங்குறவங்க யாரு? விடியக் காலையில ஜீப்புல பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் போற தோட்டத்து ஆளுங்க. அவங்களுக்குச் சாமான் விக்கிற கடை மூடவே இல்ல. கயிறு, கவாத்துக் கத்தி, மருந்தடிக்கிற பம்பு விக்கிற கடைக்குள்ள எட்டிப் பாரு. கம்பூட்டு, கனமான மழைக்கோட்டு, படுதா, நெத்தியில மாட்டுற லைட் எல்லாம் தொங்கும். மழை மாசம் பூராவும் காய் எடுக்கிற பொம்பளைங்க போட்டுத் தேய்ச்சுப் பார்த்த சாமான் அது. சரியில்லைன்னா மறுநாளே கடை வாசல்ல வந்து நிப்பாங்க. அதனால மட்டமான சரக்கு அங்க நிக்காது.

கம்பூட்டு எதுக்கு, எதுக்கு இல்லங்கிறதையும் தெரிஞ்சுக்கோ. சேத்துலயும் அட்டை இருக்கிற ஈரக்காட்டுலயும் தோட்டத்துக்குள்ள நடக்க அதுமாதிரி வராது. ஆனா கணுக்காலைப் பிடிக்காது, உள்ள காத்தே போகாது. அஞ்சாறு மணி நேரம் மலை ஏறி இறங்க அது ஆகாது.

அட்டைக்குன்னு தனி சாக்ஸ் கடையில கேட்டா முழிப்பாங்க. நெருக்கமா நெய்த காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கி, முழங்கால் வரைக்கும் பை மாதிரி தைக்கச் சொல்லி, மேல நாடா கோத்துக்கோ. சாக்ஸுக்கு மேல மாட்டிக் கட்டினா அட்டை துளைக்க முடியாது. வலை மாதிரி இருக்கிற துணி வேண்டாம், அதுக்குள்ள நூலா நுழைஞ்சுரும். கூட ஒரு சின்னப் பொட்டலம் உப்பு.

6. பருத்தியா, பாலியஸ்டரா?

இதுக்கு ஒரே பதில் கிடையாது. பருத்தி நனைஞ்சா தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். மேட்டுக் காத்து அடிச்சா உடம்பு விறைச்சுப் போகும். மழையிலயும் பனியிலயும் உடம்பை ஒட்டிப் போட பாலியஸ்டர் சீக்கிரம் காயும். ஆனா தீ பக்கத்துல பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டும். அடுப்புக்கிட்ட உக்காரும்போதும் சமைக்கும்போதும் பருத்திச் சட்டைக்கு மாறிக்கோ.

மழைக்கோட்டுல தையல் மேல உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கான்னு பாரு. துணி எவ்வளவு நல்லதா இருந்தாலும் தண்ணி ஊசி ஓட்டை வழியாத்தான் வரும். பட்டை இல்லைன்னா தோட்டத்துக் கோட்டே மேல். பை வாங்கினா இடுப்புப் பட்டை இருக்கணும், பாரத்தைத் தோள் மட்டும் சுமக்கக் கூடாது. மழை உறை இல்லாத பைக்குள்ள கனமான பிளாஸ்டிக் உரச்சாக்கு உறையைக் கழுவிக் காயவெச்சுப் போட்டு, அதுக்குள்ள துணியை வை.

7. பிள்ளைங்களுக்கு நம்பர் பார்த்து வாங்கு

மலைக்குப் போகாதவங்களுக்கும் கடைக்குறை உண்டு. பக்கத்துல பெரியகுளத்துல வருஷாவருஷம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்குது. ஆனா பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து கேட்டா, கையில இருக்கிற ஏழாம் நம்பரைத்தான் எடுத்து நீட்டுறாங்க. பெண்கள் ஆடுறது ஆறாம் நம்பர், சின்னப் பிள்ளைக்கு அஞ்சு. கால்பந்துன்னா பெரியவங்களுக்கு அஞ்சு, எட்டுலேர்ந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் நாலு, அதுக்குக் கீழ மூணு. கைக்கு அடங்காத பந்தைக் குடுத்துட்டு 'இவளுக்கு விளையாட்டு வரல'ன்னு சொல்றது பாவம். மட்டை வாங்கினா, வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதே. கனம் தாங்காம மணிக்கட்டைத் திருப்பி ஆடப் பழகிரும், அப்புறம் மாத்துறது கஷ்டம்.

8. ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா

வேற வழியில்லாதப்ப வாங்கு, தப்பில்ல. ஆனா பயணத்துக்கு மூணு வாரம் முன்னாடி ஆர்டர் போடு. மாத்தி வர நாள் வேணும். திருப்பி எடுத்துக்குவாங்களா, எத்தனை நாளைக்குள்ளன்னு முதல்ல படி. அஞ்சு நட்சத்திரம் குடுத்தவங்களை விட்டுட்டு மூணு நட்சத்திரம் குடுத்தவங்க எழுதினதைப் படி. குறையை அளந்து சொல்றவங்க அவங்கதான். பார்சலைப் பிரிக்கும்போது செல்போன்ல வீடியோ எடு. சுத்தமான பாய் மேல மட்டும் நடந்து பாரு, லேபிளைக் கிழிக்காதே. இணையத்துல விக்கிறவங்க புகார் வந்த 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு 2020-லயே விதி வந்துருச்சு. அதை எழுத்துல ஞாபகப்படுத்து.

9. பில்லு இல்லாம காசு குடுக்காதே

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'ன்னு பில்லுல அச்சடிச்சிருந்தா பயந்துராதே. குறையுள்ள பொருளை, பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு போடாட்டி 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மறுக்கிறது முறையற்ற வணிகம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. பில் குடுக்க மறுக்கிறதும் அப்படித்தான். ஆனா ஒண்ணு: குறை வேற, மனசு மாறுறது வேற. கலர் பிடிக்கலைன்னு போய் நின்னா சட்டம் உன் பக்கம் நிக்காது.

முதல்ல கடைக்காரர்கிட்ட நிதானமாப் பேசு. ஆகலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடு. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அஞ்சு லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்குக் கட்டணமே இல்ல. இதுக்கெல்லாம் அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம். வாங்கின அன்னைக்கே அதைப் போட்டோ எடுத்து வை, அந்த மை வெயில்ல மறைஞ்சுரும்.

10. இருக்கிறதைப் பழுது பார்த்துக்கோ

கடை குறைஞ்ச ஊர்ல செருப்பு தைக்கிறவர்தான் பெரிய ஆளு. ஒட்டு சோல் ஷூ வாங்கின வாரமே, ஓரத்தைச் சுத்தி நைலான் நூல்ல ஒரு தையல் போடச் சொல்லு. பை ஜிப் பல்லு கடிக்கலைன்னா ஜிப்பையே மாத்த வேண்டாம். இழுக்கிற ரன்னரை ரெண்டு பக்கமும் குறடால மெதுவா நெரிச்சா பாதி நேரம் சரியாயிரும்.

நனைஞ்ச ஷூவுக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சு நிழல்ல வை. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை புத்திசாலித்தனம் பண்றதா நினைச்சு, காய் உலர்த்துற ஸ்டோர்ல ராத்திரி முழுக்க ஷூவை வெச்சார். ஐம்பது டிகிரி சூடு. காய் பச்சையாக் காய்ஞ்சு வந்துச்சு, சோல் தனியா வந்துச்சு.

11. சேர்ந்து கேளு, திரும்பிப் போய்ச் சொல்லு

ஒரு ஜோடி கேட்டா 'வரதில்லம்மா'ம்பாங்க. அஞ்சு ஜோடி, இன்ன இன்ன சைஸ், இவ்வளவு முன்பணம்னு தாள்ல எழுதிக் குடுத்தா வரவழைப்பாங்க. கனடாவுல மலையேறுறவங்க அந்தக் காலத்துல நல்ல கயிறுக்கும் பைக்கும் எல்லை தாண்டி அமெரிக்காவுல சியாட்டில் வரைக்கும் போனாங்க. அலுத்துப்போய் 1971-ல வான்கூவர்ல ஆளுக்கு அஞ்சு டாலர் போட்டுத் தாங்களே ஒரு கூட்டுறவுக் கடை ஆரம்பிச்சாங்க. லட்சக்கணக்குல உறுப்பினர் சேர்ந்து வளர்ந்த அந்தக் கடையை, 2020-ல உறுப்பினர்கிட்ட ஓட்டுக்கூடக் கேக்காம ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துட்டாங்க. அங்கயும் ஜனங்க கொதிச்சுப்போனாங்க. சேர்ந்து ஆரம்பிச்சா மட்டும் போதாது, அப்புறமும் கடைக்குப் போய்க்கிட்டும் கேட்டுக்கிட்டும் இருக்கணும்.

தங்கச்சியும் அந்த நாலு பொண்ணுங்களும் கடைசியில தோட்டச் சாமான் கடையிலதான் வாங்கினாங்க. அந்தக் கடைக்காரர் சும்மா ஒரு தட்டுல நாலஞ்சு ஜோடி மலை ஷூ போட்டு வெச்சிருந்தார். இவளுக்கு அரை சைஸ் பெருசு. ரெண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிச்சா. மலையிலிருந்து இறங்கி வந்தவளை, ரயிலுக்கு முன்னாடி சேறு காயாத ஷூவோட அந்தக் கடைக்கே கூட்டிட்டுப் போனேன்.

"பிடிப்பு நல்லா இருக்குண்ணே. இறக்கத்துல வழுக்கவே இல்ல. ஆனா குதிகால்ல உரசுது, எனக்கு இதுல அஞ்சாம் நம்பர் வேணும்"னு ஷூவைக் கழட்டிக் காட்டினா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, குதிகால் பக்கத்துத் துணியை உள்ள விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "வாங்கிட்டுப் போனவங்க யாரும் வந்து சொல்றதில்லம்மா"ன்னுட்டு மேசைக்கு அடியிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்தார். கம்பூட்டு, உரச்சாக்கு, கயிறு வரிசைக்குக் கீழ எழுதினார்: 'லேடீஸ் 5 - ரெண்டு ஜோடி.'

அப்புறம் தலையைத் தூக்கி, "அடுத்த தடவை எந்தப் பக்கம் ஏறப் போறீங்க? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னு கேட்டார்.